கீல் இல்லாத மூட்டு

நான் முதன்முதலில் அசைத்துக் காட்டிய முழங்காலை அந்த எலும்பு மருத்துவர் மூன்று விநாடிகூடப் பார்க்கவில்லை. ‘தம்பி, இது கதவு. முட்டி இல்ல’ என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். ஒரு வாரம் கண் எரிய உட்கார்ந்து செய்த வேலை அது. ஸ்கேனிலிருந்து எலும்பைத் தனியாகப் பிரித்து, பிசிறு நீக்கி, தந்தத்தில் கடைந்ததுபோல் பளபளவென்று ஆக்கியிருந்தேன். தொடை எலும்பின் அடியில் ஓர் அச்சைச் செருகி, கீழ்க்கால் எலும்பை அதில் மாட்டி, தொண்ணூறு டிகிரி மடக்கி நீட்டினேன். கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. உத்திரமேரூர் பஸ்ஸில் திரும்பும்போது வழி நெடுக என் முட்டியையே தடவிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

உத்திரமேரூரை ஒட்டிய கிராமத்தில், வீட்டு மாடி அறைதான் என் பட்டறை. மருத்துவமனைகளிலிருந்து வரும் சி.டி. ஸ்கேன் கோப்புகளை முப்பரிமாண எலும்புகளாக மாற்றி, அவை அசையும் விதத்தைப் படமாக்கித் தருவேன். அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் பார்ப்பதற்கு, பிசியோதெரபி மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்கு என்று வேலை வரும். யாராவது ‘பையன் என்ன பண்றான்?’ என்று கேட்டால் அம்மா சொல்வது ஒரே வரிதான்: ‘கம்ப்யூட்டர்ல எலும்பு ஆட்டறான்.’ கேட்டவர் அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார்.

நம் மொழியில் ‘கீல்’ என்றால் கதவுக் கீலும்தான், உடம்பின் மூட்டும்தான். கீல்வாதம் என்று சொல்வது அதனால்தான். அன்று என்னைக் கவிழ்த்தது அந்தச் சொல்தான் என்று பிறகு எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அதே உறுப்புக்கு இன்னொரு பெயரும் வைத்திருக்கிறோம்: மூட்டு. புதுக் கைலி வாங்கினால் இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டுகிறோமே, அந்த மூட்டு. கீலில் ஆணி உண்டு. மூட்டியதில் ஆணி கிடையாது, தையல்தான் உண்டு. முழங்காலில் எலும்பைத் துளைத்துப் போகும் அச்சு என்று எதுவும் இல்லை. இரண்டு எலும்பு முனைகளை ஜவ்வுகள் நாலா பக்கமும் இழுத்துத் தைத்து வைத்திருக்கின்றன. அந்தத் தையல் விடும் அளவுக்குத்தான் எலும்பு போகும், வரும். இந்தத் தொழிலில் நான் கற்றதைச் சுருக்கினால் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசம்தான்.

ஸ்கேனில் என்ன வருகிறது, என்ன வருவதில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். லண்டன் ஆட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் 1971 அக்டோபர் 1 அன்று முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. கருவியை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு, இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர். இசைத்தட்டு போட்ட அதே இ.எம்.ஐ.தான். 1979-இல் ஆலன் கோர்மாக்குடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அவர் பெயரிலேயே அளவுகோல் இருக்கிறது: தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்கு மைனஸ் ஆயிரம், கெட்டியான எலும்புக்கு ஆயிரமும் அதற்கு மேலும். உடம்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் இப்படி ஓர் எண். என் கணினித் திரையில் முதலில் தெரிவது எலும்பு அல்ல, இந்த எண்கள்தான்.

ஒரு முழங்கால் ஸ்கேனில் நானூறு சீவல்கள் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழைத்தண்டை வட்டம் வட்டமாக அரிந்து அடுக்கியதுபோல. ஒவ்வொன்றும் மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன். ஒவ்வொன்றிலும் 512-க்கு 512 புள்ளிகள். மொத்தக் கோப்பு ஏறத்தாழ 200 எம்.பி. வந்ததும் முதல் வேலையாக நோயாளியின் பெயர், வயது, மருத்துவமனை எண் எல்லாவற்றையும் கோப்பிலிருந்து அழித்துவிட்டு ஓர் எண்ணைக் கொடுப்பேன். படத்துக்குள்ளேயே பெயர் பதிந்து வரும் கோப்பு இது. அழிக்காமல் வேலையைத் தொடங்குவது அடுத்தவர் வீட்டுக் கடிதத்தைப் பிரிப்பதற்குச் சமம்.

அடுத்தது எலும்பைப் பிரிப்பது. 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளில் ‘200-க்கு மேல் உள்ள புள்ளி எல்லாம் எலும்பு’ என்று கோடு போட்டால் நொடியில் ஒரு காலே எழுந்து நிற்கும். 1987-இல் லோரென்சனும் கிளைனும் வெளியிட்ட ‘மார்ச்சிங் க்யூப்ஸ்’ என்ற வழிமுறை அந்த எண்களின் மேல் முக்கோணங்களைப் போர்த்தி உருவம் கொடுக்கிறது. இளவயதுக் காலென்றால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். எனக்கு வருவதில் பலதும் ஐம்பது அறுபது வயதைத் தாண்டிய, நடவு நட்ட கால்கள். உள்ளே எலும்பு பஞ்சுபோல் மெலிந்திருக்கும். கோட்டை 200-இல் வைத்தால் ஓட்டை ஓட்டையாக வரும். 120-க்கு இறக்கினால் ஓட்டை அடையும், ஆனால் தேய்ந்து நெருங்கிய இடத்தில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒட்டி ஒரே கட்டையாகிவிடும். அப்போது கையால்தான் பிரிக்க வேண்டும். தொடை எலும்புக்கு ஒரு நிறம், கீழ்க்காலுக்கு ஒன்று, முட்டிச்சில்லுக்கு ஒன்று என்று ஒவ்வொரு சீவலாகத் தீட்டிக்கொண்டே போக வேண்டும். மூட்டு இருக்கும் நாற்பது சீவல்களுக்கு ஒரு நாள் போகும்.

அந்த ஒரு நாளைத்தான் நான் எதற்கும் விட்டுத்தர மாட்டேன். மழுக்கும் கருவி ஒன்று அதே மென்பொருளில் இருக்கிறது. படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும் எலும்பை வழவழப்பாக்கிவிடும். ஆரம்பத்தில் அதைத் தாராளமாக ஓட்டினேன். ஓர் அம்மாவின் முழங்கால், அறுபதுக்கு மேல் வயது. மூட்டு விளிம்பில் சின்னச் சின்ன முட்கள் துருத்திக்கொண்டிருந்தன. தேய்மானத்தில் எலும்பு தானாக வளர்த்துக்கொள்ளும் முட்கள் அவை. நான் அவற்றை ஸ்கேனின் பிசிறு என்று நினைத்து மழுக்கிவிட்டேன். படம் அழகானது. அந்த அம்மாவுக்குக் கால் மடங்காததன் காரணங்களில் ஒன்றையே அழித்திருக்கிறேன் என்று மருத்துவர் ஒரிஜினலை வைத்துக் காட்டியபோதுதான் தெரிந்தது. மழுக்க மழுக்க எலும்பு சுருங்கும் என்பதும் அப்போதுதான் புரிந்தது. இன்று மூட்டுப் பரப்பில் மழுக்கும் கருவியை வைப்பதே இல்லை. வைக்க வேண்டி வந்தால், மழுக்கியதை மூலச் சீவலின் மேல் வைத்துக் கோட்டுக்குக் கோடு ஒத்துப் பார்க்காமல் விடுவதில்லை.

இவ்வளவு பாடுபட்டாலும் கையில் கிடைப்பது உருவம்தான், அசைவு அல்ல. எங்கள் ஊர் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில் விமானத்தில் பெருமாள் மூன்று நிலைகளில் இருக்கிறார்: கீழே நின்ற கோலம், நடுவில் இருந்த கோலம், மேலே கிடந்த கோலம். ஸ்கேன் கருவிக்குள் போகும் ஆளுக்கு ஒரே கோலம்தான். மல்லாந்து கிடந்து, ஆடாமல் அசையாமல். ஆனால் அவர் மருத்துவரிடம் சொன்ன புகார் கிடந்த கோலத்தில் வருவதல்ல. ‘குந்திட்டு எந்திரிக்க முடியல’ என்பார். ‘பஸ் படி ஏறினா குத்துது’ என்பார். கிடந்ததை வைத்துக்கொண்டு நின்றதையும் நடந்ததையும் காட்ட வேண்டும். என் தொழிலின் சங்கடம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

முழங்கால் எப்படி அசைகிறது? ஜெர்மனியின் வேபர் சகோதரர்கள் 1836-இலேயே எழுதிவிட்டார்கள்: அது உருளவும் செய்கிறது, வழுக்கவும் செய்கிறது. எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு 59 ஆண்டுகளுக்கு முன்னால். கீழ்க்கால் எலும்பின் மேல்தளத்தைத் திரையில் சாய்த்துப் பார்த்தால் காரணம் தெரியும். உட்புறம் அகல் விளக்குபோல் லேசாகக் குழிந்திருக்கும். வெளிப்புறம் குழியாமல் லேசாகப் புடைத்திருக்கும். குழிந்த பக்கம் தொடை எலும்பின் உருண்டை அங்கேயே நின்று சுற்றும். புடைத்த பக்கம் அது பின்னால் சரியும், ஆழமாக மடக்கினால் ஒரு சென்டிமீட்டருக்கும் மேலேயே. ஒரு பக்கம் நிற்க, இன்னொரு பக்கம் நகர்ந்தால் என்ன ஆகும்? எலும்பு திரும்பும். அதனால் மடக்கும் ஒவ்வொரு முழங்காலும் கூடவே கொஞ்சம் திருகவும் செய்கிறது.

நம்பாவிட்டால் திண்ணையில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போடுங்கள். முட்டிச்சில்லின் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. அதற்குக் கீழே, கால் எலும்பின் முன்பக்கம் கையில் தட்டுப்படும் மேட்டில் இன்னொரு புள்ளி. இப்போது காலை மெதுவாக நீட்டுங்கள். நீட்டி முடிக்கும் கடைசிக் கட்டத்தில் கீழ்ப்புள்ளி வெளிப்பக்கமாக ஒதுங்கும். மூடியைத் திருகி இறுக்குவதுபோல் மூட்டு பூட்டிக்கொள்கிறது. ரேஷன் கடை வரிசையில் ஒரு மணி நேரம் நின்றாலும் தொடைத் தசை ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்பதற்கு இந்தப் பூட்டும் ஒரு காரணம். என் முதல் முழங்காலில் இந்தத் திருகல் இல்லை. மருத்துவர் அந்த மூன்று விநாடியில் பார்த்தது அதைத்தான்.

அதனால் இப்போது ஒற்றை அச்சைச் செருகுவதில்லை. 1983-இல் க்ரூடும் சன்டேயும் முழங்காலுக்கென்று எழுதிய அளவீட்டு முறையைப் பின்பற்றுகிறேன். தொடை எலும்பில் பதிந்த ஓர் அச்சு, கீழ்க்கால் எலும்பில் பதிந்த ஓர் அச்சு, இரண்டுக்கும் செங்குத்தாக மிதக்கும் மூன்றாவது அச்சு. இப்படி வைத்தால் மடக்கல் எவ்வளவு, திருகல் எவ்வளவு, பக்கவாட்டுச் சாய்வு எவ்வளவு என்று மருத்துவர் பேசும் மொழியிலேயே எண்கள் வரும். பிளெண்டர் மென்பொருளில் இந்த மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துவிட்டு, அசைத்துப் பார்க்கும்போது ஒரே ஒரு விஷயத்தைக் காவல் காப்பேன். அது இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம்.

அந்த இடம் உண்மையில் வெற்றிடம் அல்ல. குருத்தெலும்பும் பிறைவடிவ ஜவ்வும் அங்கே இருக்கின்றன. சாதாரண சி.டி.யில் அவை பிரிந்து தெரிவதில்லை. எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். ஆரோக்கியமான முழங்காலில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இருந்தே தீர வேண்டும். நான் அசைக்கும்போது எலும்பு எலும்பை முட்டினாலோ ஒன்றுக்குள் ஒன்று புகுந்தாலோ, அந்த மனிதர் கால் அப்படி மடங்கவில்லை, நான் மடக்குகிறேன் என்று அர்த்தம். கணினிக்கு வலிக்காது. எலும்புக்குள் எலும்பைச் செருகினாலும் ஒன்றும் சொல்லாது. அதனால் இரண்டு பரப்புகளுக்கும் நடுவிலுள்ள தூரத்தை நிறமாகக் காட்டும்படி வைத்திருக்கிறேன். மூன்று மில்லிமீட்டர் என்றால் நீலம், ஒன்றுக்குக் கீழே போனால் சிவப்பு. சிவப்பு பரவினால் கை தானாக நின்றுவிடும்.

கீலா மூட்டா என்ற இந்தக் கேள்வி மருத்துவத்தோடு நிற்பதில்லை. தொடைக்கு மேலே கால் இழந்தவருக்குச் செயற்கை முழங்கால் செய்யும்போதும் இதுதான் கேள்வி. ஒற்றை அச்சு வைத்தால் மலிவு, எளிது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் டி.டி.கே. மறுவாழ்வு ஆராய்ச்சி மையம், சொசைட்டி ஃபார் பயோமெடிக்கல் டெக்னாலஜியோடும் பெங்களூரு மொபிலிட்டி இந்தியாவோடும் சேர்ந்து 2022-இல் ‘கதம்’ என்ற செயற்கை முழங்காலை வெளியிட்டது. அது பல அச்சு முழங்கால். மடங்க மடங்க அச்சு இடம் மாறிக்கொண்டே போகும். 160 டிகிரி வரை மடங்கும் என்பதால் பஸ் இருக்கையிலும் ஆட்டோவிலும் காலை இடுக்கிக்கொண்டு உட்காரலாம். ஷேர் ஆட்டோவில் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த 160-இன் அருமை தெரியும். உலோகத்தில் செய்தவர்களே அச்சை ஓரிடத்தில் நிறுத்தவில்லை. கணினியில் செய்யும் நான் நிறுத்தியிருந்தேன்.

எலும்பின் உண்மையான அசைவை அளக்க வழியே இல்லையா? இருக்கிறது. தோலில் உருண்டைகளை ஒட்டிக் கேமராவில் பிடிப்பது ஒன்று. நடையைப் படிக்க நல்ல முறை. ஆனால் தொடைச் சதையின் மேல் ஒட்டியது சதையோடு குலுங்கும். உள்ளே எலும்பு ஓரிடத்தில் இருக்க, வெளியே உருண்டை சென்டிமீட்டர் கணக்கில் விலகி நிற்கும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் பிரெய்னர்டும் அவரது குழுவினரும் 2010-இல் ‘க்ஸ்ராம்’ என்ற முறையை விளக்கி எழுதினார்கள். இரண்டு கோணங்களிலிருந்து எக்ஸ்ரே வீடியோ எடுத்து, சி.டி.யில் கிடைத்த எலும்பை ஒவ்வொரு ஃபிரேமிலும் நிழலோடு நிழலாகப் பொருத்துவார்கள். எலும்பில் பொடி உலோக மணிகளைப் பதித்திருந்தால் பிழை 0.1 மில்லிமீட்டர் அளவுக்குக் குறையும். பன்றி மெல்லுவதையும் பறவை பறப்பதையும் இப்படி எலும்போடு பார்த்திருக்கிறார்கள். கிராமத்து மாடி அறையிலிருந்து நான் ஏக்கத்தோடு பார்க்கும் படங்கள் அவை.

என் கைக்கு எட்டியது இன்னொரு முறை: இரண்டு நிலைகளில் ஸ்கேன் எடுப்பது. நடுவயது நெசவாளர் ஒருவர் வண்டியிலிருந்து விழுந்து, முன்கை எலும்பு கூடும்போது லேசாகக் கோணிவிட்டது. தறியில் உட்கார்ந்து சமாளித்துக்கொண்டார். அவருடைய வருத்தம் வேறு. ‘கோயில்ல தீர்த்தம் வாங்க உள்ளங்கை மேல வர மாட்டேங்குது, தம்பி.’ முன்கையில் இரண்டு எலும்புகள். உள்ளங்கையைத் திருப்பும்போது கட்டைவிரல் பக்கத்து எலும்பு, சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் மேல் குறுக்காகப் படுத்துச் சுற்றும். சுற்றும் அச்சு முழங்கையில் ஓர் எலும்பில் தொடங்கி மணிக்கட்டில் மற்ற எலும்பில் முடியும். எலும்பு பத்து டிகிரி கோணினால் கை பொறுத்துக்கொள்ளும். இருபது ஆனால் திரும்புவது நன்றாகவே குறையும்.

கையை முடிந்தவரை மேலே திருப்பி ஒரு ஸ்கேன், கீழே திருப்பி ஒரு ஸ்கேன், நன்றாக இருந்த மறு கைக்கும் அப்படியே. மருத்துவர் கேட்டு எடுத்தது. சுண்டுவிரல் பக்கத்து எலும்பை அசையாத தூணாக வைத்து இரண்டு ஸ்கேனையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்தினேன். மற்ற எலும்பு எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்பது அப்படியே தெரிந்தது. நல்ல கையைக் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டி, கோணிய கையின் மேல் வைத்தேன். அவருக்கு அளவுகோல் புத்தகத்தில் இருக்கும் சராசரி மனிதன் அல்ல, அவருடைய இன்னொரு கைதான். எந்த இடத்தில், எவ்வளவு, எந்தப் பக்கம் கோணல் என்று மூன்றும் கிடைத்தன. வெட்டித் திருத்தலாமா என்பது மருத்துவரும் அவரும் பேசி முடிவெடுக்க வேண்டியது. என் வேலை அந்தக் கோணலைக் கூட்டாமல் குறைக்காமல் காட்டுவது.

இங்கேதான் கடைசிச் சறுக்கல் காத்திருக்கும். இரண்டு நிலைகள் அளந்தவை. நடுவில் உள்ள அத்தனை ஃபிரேம்களையும் கணினி தானாக நிரப்பிக்கொள்ளும். அதுவும் தொடக்கத்தில் மெதுவாக, நடுவில் வேகமாக, முடிவில் மெதுவாக என்று தேரை நிலைக்குக் கொண்டுவருவதுபோல் நயமாக ஓட்டும். அந்த நயம் நோயாளியுடையது அல்ல. பார்ப்பவருக்கோ எல்லாமே ஸ்கேனில் பிடித்ததுபோல் தோன்றும்.

இதற்கு ஒரு வழியை ஊர்க் கோயிலில்தான் கற்றேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தலுக்கு யார் நிற்கலாம், யார் கூடாது, ஓலையை எப்படி எடுக்க வேண்டும் என்று விதி விதியாக வெட்டியிருக்கிறார்கள். விதி கல்லில் இருக்கிறது. அன்று கூடிய சபையின் இரைச்சல் கல்லில் இல்லை. எலும்பும் அப்படித்தான்: எது முடியும், எது முடியாது என்பது அதில் இருக்கிறது, அன்றைக்கு அந்த ஆள் எப்படி நடந்தார் என்பது இல்லை. கல்வெட்டைப் படித்து அச்சிடுபவர்கள் சிதைந்த எழுத்துக்குப் புள்ளி வைப்பார்கள், ஊகித்துப் படித்ததை அடைப்புக்குள் போடுவார்கள். வாசகனை ஏமாற்ற மாட்டார்கள். நானும் அதையே செய்கிறேன். அளந்த நிலை வரும்போது எலும்பு எலும்பு நிறத்தில் இருக்கும். நடுவில் கணினி நிரப்பியது ஓடும்போது சாம்பல் நிறத்துக்கு மாறும். பார்க்க அழகு குறைவுதான். அழகைக் குறைத்துத்தான் கொடுக்கிறேன்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் பக்கம் ஸ்கேன் எடுத்து வந்தால் ஃபிலிமை மட்டும் மஞ்சள் பையில் சுருட்டிக் கட்டிலுக்கடியில் வைத்துவிடுகிறோம். ஃபிலிமில் இருப்பது பொறுக்கிச் சுருக்கிய சில படங்கள். அதை வைத்து எலும்பைத் திரும்பக் கட்ட முடியாது. அடுத்த முறை முழுக் கோப்பையும் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கி, தேதியும் இடதா வலதா என்பதையும் எழுதி வையுங்கள். பத்து வருஷம் கழித்து முட்டி வலித்தால், வலிக்காத காலத்து முட்டி எப்படி இருந்தது என்று சொல்ல அந்த ஒரு கோப்புதான் சாட்சி.